பச்சை விளக்கும் ஒரு கணக்கு நோட்டும்: எங்கள் மண்டபத்தில் பதினான்கு மாதம் இருந்த கம்பியில்லா சென்சார்கள்

மேஸ்திரி ஒட்டிவைத்த கண்ணாடித் துண்டு சென்ற ஆண்டு சித்திரையில் உடைந்தது. அது உடையாமல் இருந்திருந்தால், கட்டடத்தின் விரிசலையும் அசைவையும் அளக்கும் இந்தக் கருவிகளை நான் தேடிப் போயிருக்கமாட்டேன்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்களுக்கு ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. மாங்காய் வியாபாரத்தில் சேர்த்த பணத்தில் அப்பா 1983-இல் கட்டியது. கீழே பந்தி, மேலே மணமேடை, அதற்கு மேல் மொட்டை மாடி. அப்பாவுக்குப் பிறகு பதினோரு ஆண்டுகளாக நான் நடத்துகிறேன். மேல்மாடியின் வடமேற்கு மூலையில், கூரையும் சுவரும் சேரும் இடத்தில், நகம் நுழையும் அகலத்துக்கு ஒரு விரிசல் உண்டு. வெள்ளையடிக்கும்போதெல்லாம் பட்டி பார்த்து மூடுவார்கள். அடுத்த கோடையில் மறுபடி தலைகாட்டும். பழகிப்போன விரிசல்தான்.

பக்கத்து மனையில் அடித்தளம் தோண்டத் தொடங்கியதும் அந்தப் பழக்கம் போய்விட்டது. எங்கள் பகுதியில் நாலடி தோண்டினால் பாறை. அதை உடைக்க வந்த இயந்திரம் காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் பொழுது சாயும்வரை தட்டிக்கொண்டே இருக்கும். சமையலறை அடுக்கில் இருக்கும் தவலைகள் தாமாகவே கிணுகிணுக்கும். மேஸ்திரி அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரு முனைகளையும் சிமெண்டால் பிடித்து, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினார். "சுவர் நகர்ந்தால் கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும், அம்மா" என்றார். நாற்பதாவது நாள் கண்ணாடி நடுவில் விண்டு கிடந்தது. நான் நேராகப் பக்கத்து மனைக்குப் போய், வேலையை நிறுத்தாவிட்டால் வழக்குப் போடுவேன் என்று சத்தம்போட்டுவிட்டு வந்தேன்.

அன்றிரவு தூங்கவில்லை. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அந்த வாரம் முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்த இடிபாடுகள் கண்ணைவிட்டுப் போகவில்லை. 2021 ஜூன் 24 அன்று அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு நள்ளிரவில் இடிந்து 98 பேர் மாண்டார்கள். அது 1981-இல் கட்டியது. எங்கள் மண்டபத்தைவிட இரண்டே வயது மூத்தது. முகூர்த்த நாளில் எங்கள் மேல்மாடியில் நானூறு பேர் உட்காருவார்கள்.

என் அக்கா மகன் விசாரித்துச் சொன்ன நிறுவனம், பழைய கட்டடங்களில் கம்பியில்லா சென்சார் பொருத்தி மாத வாடகைக்குக் கண்காணிக்கிறது. பெயரை எழுதவில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன், அவற்றில் பாதியை அவர்கள் சரிசெய்தும்விட்டார்கள். இதே வகைக் கருவிகளை இப்போது பலர் தருகிறார்கள், ஆகவே யாரிடம் வாங்கினாலும் இது உதவும்.

இன்னொருவர் கம்பி இழுத்துச் செய்யும் முறைக்கு விலை சொல்லியிருந்தார். சுவரெல்லாம் குழாய் அடித்து, இரண்டு மாதம் மண்டபத்தை மூட வேண்டும் என்றார். கம்பியில்லாததற்கு அந்தத் தொல்லை இல்லை. பொருத்த வந்த பொறியாளர் இருபத்தாறு வயதுப் பையன். இத்தாலியின் திரெண்டோ நகரில் பழைய கோபுரம் ஒன்றின் உள்ளே சுவர் முழுக்க ஓவியங்கள் இருக்கின்றன, பக்கத்தில் சுரங்கச் சாலை போடும் பேச்சு வந்தபோது ஓவியங்களுக்குக் கேடு வராதபடி 2008-இலேயே கம்பியில்லா சென்சார்களை வைத்தார்கள் என்று சொன்னான். "எழுநூறு வருடத்துச் சுவரை நீங்கள் துளைக்க முடியாதல்லவா, அம்மா" என்றான். எனக்குப் பிடித்துப்போயிற்று.

மொத்தம் ஏழு பெட்டிகள். ஒவ்வொன்றும் சோப்புப் பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. மூன்று விரிசலின் அகலத்தை அளப்பவை; விரிசலின் ஒரு கரையில் கருவியின் உடலும் மறு கரையில் அதன் ஊசி முனையும் இருக்கும், நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை காட்டும். இரண்டு தூணின் சாய்வை அளப்பவை. இரண்டு அதிர்வை அளப்பவை. எல்லாவற்றிலும் வெப்பமானி உண்டு. உள்ளே லித்தியம் மின்கலம். பதினான்கு மாதத்தில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. அரை மணிக்கு ஒருமுறை மாடிப்படி அறையில் இருக்கும் தலைமைப் பெட்டிக்கு அளவுகளை ரேடியோவில் அனுப்பும். அது இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய 865 – 868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. தூரம் நன்றாகப் போகும், ஆனால் ஒரே நேரத்தில் நிறையத் தகவல் போகாது. அதனால் அதிர்வுப் பெட்டி எல்லாவற்றையும் அனுப்புவதில்லை. தானே கணக்குப் போட்டு உச்ச அளவையும் தளம் நொடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்பதையும் மட்டும் அனுப்பும். தலைமைப் பெட்டியில் ஒரு சிம் கார்டு, அங்கிருந்து கைபேசிச் செயலிக்கு.

எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டே வந்த பையன், பந்திக் கூடத்தில் கை கழுவும் இடத்துக்கு மேலே போகும் பீமின் அடியில் நின்றுவிட்டான். கைபேசி விளக்கைச் சாய்வாகப் பிடித்துக் காட்டினான். தலைமுடி அகலத்தில் ஒரு கோடு, பீமின் நீளவாட்டில் இரண்டு அடிக்கு ஓடுகிறது. வண்ணப்பூச்சின் கீறல் என்றே நான் நினைத்திருந்தேன். அங்கே ஒன்று வேண்டாம், வாடகை கூடும் என்றேன். அவன் விடவில்லை. மூலை விரிசலுக்கு ஒன்று, படிக்கட்டுச் சுவருக்கு ஒன்று, மூன்றாவது இந்தப் பீமுக்கு என்று முடிவானது.

பொருத்திய மூன்றாவது வாரமே எனக்கு உயிர் போய் வந்தது. பக்கத்து மனையை ஒட்டிய தூண் சாய்கிறது என்று செயலி சொன்னது. 0.08 டிகிரி. நாலு மீட்டர் உயரத் தூணுக்கு அது ஐந்தரை மில்லிமீட்டர். நிறுவனத்தில் தொலைபேசியை எடுத்த பெண் "பொறியாளரை அனுப்புகிறோம்" என்றார். எப்போது என்று சொல்லவில்லை. மேஸ்திரி அண்ணன்தான் முதலில் வந்தார். ஏணி போட்டு ஏறி, பெட்டியைத் தொடவேயில்லை. அதைச் சுற்றி நடுவிரலை மடக்கி, கதவைத் தட்டுவதுபோல ஓரோர் இடமாகத் தட்டிக்கொண்டே வந்தார். டக், டக் என்று வந்த சத்தம் பெட்டிக்கு மேலே ஒரு சாண் அகலத்துக்குப் பொத், பொத் என்று மாறியது. "தூண் சாயவில்லை, அம்மா. பூச்சு பொள்ளலாகிவிட்டது. கான்கிரீட்டை விட்டு விலகி நிற்கிறது. பெட்டி அதில்தான் ஒட்டியிருக்கிறது" என்றார். உளியை வைத்து இரண்டு தட்டுத் தட்டியதும் பூச்சு அப்பளம்போலப் பெயர்ந்து வந்தது, பெட்டியோடு சேர்ந்து. அடுத்த நாள் பொறியாளர் பையன் வந்து கான்கிரீட்டிலேயே துளையிட்டுத் திருகி வைத்தான். அதன்பின் செயலி வரைபடத்தில் அந்தத் தூணின் கோடு கடைசி நாள்வரை அசையவில்லை.

சென்சார் வாங்குகிறவர்கள் இந்த ஒன்றை எனக்காகவாவது செய்யுங்கள்: பெட்டி எதன்மேல் உட்கார்கிறது என்று பாருங்கள். பூச்சின்மேல் பசை வைத்து ஒட்டினால் பூச்சின் கதையைத்தான் அது சொல்லும். இதைப் பொருத்த வருகிறவரே செய்திருக்க வேண்டும். ஏழில் நான்கை அப்படி ஒட்டியிருந்தார்கள். அன்றே நான்கையும் பெயர்த்து மாற்றவைத்தேன்.

மூலை விரிசல் என்னை மலைக்க வைத்தது. அது ஒவ்வொரு நாளும் திறந்து மூடுகிறது. காலை ஆறரைக்கு மிக ஒடுங்கியிருக்கும். மாலை நாலரைக்கு மிக அகலமாக இருக்கும். வித்தியாசம் 0.2 மில்லிமீட்டர். வெயில் உச்சத்தில் இருக்கும் பன்னிரண்டு மணிக்கு இல்லாமல் நாலரைக்கு ஏன் என்று கேட்டேன். தளத்தின் கனத்துக்குள் சூடு இறங்க அவ்வளவு நேரம் ஆகிறது. பத்து மீட்டர் நீளக் கான்கிரீட் பத்து டிகிரி சூடேறினால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளும். எங்கள் கூரையோ இருபத்து நாலு மீட்டர், நிழல் இல்லாத மொட்டை மாடி. அது நீண்டு சுவரின் தலையைத் தள்ளுகிறது, இரவில் குளிர்ந்து திரும்புகிறது. நாற்பது வருடமாக இதே மூச்சு. கார்த்திகை, மார்கழியில் கோடு மொத்தமாகக் கீழே இறங்கி, பங்குனியில் மேலே ஏறி, மறு வைகாசியில் தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது, 0.03 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். மேஸ்திரியின் கண்ணாடி உடைந்தது சித்திரை வெயிலால். கண்ணாடிக்கு ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லத் தெரியும், அதையும் ஒரே ஒருமுறை.

பக்கத்து மனை இயந்திரம் ஆவணியில் மறுபடி வந்தது. அந்தப் பக்கத்துத் தூணடியில் பதிவான உச்ச அதிர்வு வேகம் நொடிக்கு 2.1 மில்லிமீட்டர். சுரங்கங்களில் வெடிவைப்பதற்காகச் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் 1997-இல் வைத்த எல்லை, அடுத்தவர் வீட்டருகே 8 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு எட்டு அதிர்வு) கீழ் நொடிக்கு 5 மில்லிமீட்டர். அதிர்வெண் கூடக் கூட எல்லையும் 10, 15 என்று உயரும். வெடி நொடியில் முடிவது, பாறை உடைக்கும் இயந்திரம் நாள் முழுக்கத் தட்டுவது. இரண்டையும் ஒன்றாக வைக்கக்கூடாது என்று பொறியாளர் எச்சரித்தான். ஆனாலும் அந்த ஆறு வாரத்தில் மூன்று விரிசல்களில் எதுவும் இயந்திரத்தோடு சேர்ந்து நகரவில்லை. தாள்களை அச்செடுத்துக்கொண்டு பக்கத்து மனைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் உட்காரச் சொல்லி, எல்லாக் கோடுகளையும் விளக்கச் சொல்லிக் கேட்டார்.

அதே வாரம் ஒரு வரவேற்பு நிகழ்ச்சி. பெரிய ஒலிபெருக்கிகள், மேல்மாடியில் இளைஞர்கள் ஒரே தாளத்தில் குதித்து ஆடினார்கள். தளத்தின் நடுவில் இருந்த பெட்டி, தூணடியில் இயந்திரம் கொடுத்ததைப்போல மூன்று மடங்கு காட்டியது. நானூறு பேர் உட்கார்ந்திருந்தபோது தளத்தின் ஆட்டம் நொடிக்கு 7.9 முறையிலிருந்து 7.5 முறையாகக் குறைந்திருந்தது, மாங்கிளையில் காய்க்கொத்து தொங்கும்போது கிளை மெல்ல ஆடுமே, அதுபோல. மறுநாள் காலை மண்டபம் காலியானதும் 7.9-க்குத் திரும்பிவிட்டது. திரும்பியதுதான் நல்ல செய்தி. இருந்தாலும் அன்றிலிருந்து ஆட்டத்தைக் கீழே முற்றத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லி வாடகை ஒப்பந்தத்தில் எழுதிவிட்டேன். ஆடி மாதக் கோடு முழுக்க மொட்டையாக இருப்பதையும் ஆவணி முகூர்த்தங்கள் ஒவ்வொன்றாக மேடுபோல நிற்பதையும் செயலியில் பார்ப்பது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

இனி, இந்தச் சேவையின் பெரிய குறை.

செயலி ஒவ்வொரு பெட்டிக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்குக் காட்டும். எல்லா விரிசலுக்கும் ஒரே எல்லையை வைத்திருந்தார்கள்: 0.3 மில்லிமீட்டர் மாறினால் சிவப்பு. மூலை விரிசல் கோடையில் பிற்பகல்தோறும் சிவந்தது, கைபேசி அலறியது. பீம் விரிசலின் விளக்கு பதினான்கு மாதமும் பச்சையாகவே இருந்தது. நான் பச்சையை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப்பார்க்கிறேன்.

எனக்குக் கணக்கு எழுதும் பழக்கம் உண்டு. ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் தேதி, காலை ஆறு மணி அளவை அப்பாவின் பழைய பேரேட்டில் எழுதிவைத்தேன், மாத இருப்பு எழுதுவதுபோல. மூலை விரிசலின் இருப்பு ஏறியது, இறங்கியது. பீமின் இருப்பு இறங்கவேயில்லை. 0.01, 0.03, 0.03, 0.05, 0.08. தை முதல் தேதி 0.11. மிகச் சிறிய தொகைதான். ஆனால் வரவு மட்டுமே இருந்து செலவே இல்லாத கணக்கை நான் பார்த்ததில்லை. பக்கத்தைப் படம் எடுத்துப் பொறியாளர் பையனுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டான். "அம்மா, அந்த இடத்தில் மேலே தண்ணீர்க் குழாய் ஏதாவது போகிறதா?"

போகிறது. மேல்மாடி ஒப்பனை அறைக் கழிவுக் குழாய், நேராக அந்தப் பீமை ஒட்டி.

இந்தக் கருவிகளால் இரும்புக் கம்பியின் துருவைப் பார்க்க முடியாது என்பதை வாங்குகிறவர்கள் மனதில் வைக்க வேண்டும். விரிசல் ஒரே திசையில் போகிறது என்பதோடு அவற்றின் வேலை முடிந்தது. அதற்குமேல் சேலத்திலிருந்து கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை வரவழைத்தேன். கான்கிரீட்டுக்குள் கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கருவியால் தேடி, துருப்பிடிக்கும் வாய்ப்பைக் காட்டும் மின்னழுத்தச் சோதனை செய்து, ஓரிடத்தில் மேல்தோலை உடைத்துப் பார்த்தார். கம்பி செதில் செதிலாக இருந்தது. இரும்பு துருவானால் தான் இருந்த இடத்தைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும்; அதுதான் உள்ளிருந்து கான்கிரீட்டைப் பிளக்கிறது. பீமின் நீளவாட்டில் கோடு ஓடினால் முதலில் துருவைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்றார். சர்ஃப்சைடு கட்டடத்திலும் நீச்சல்குளத் தளத்தின் நீர்த்தடுப்புப் பழுதாகிவிட்டதாக 2018-லேயே ஒரு பொறியாளர் அறிக்கை எழுதியிருந்ததை அவர்தான் சொன்னார்.

அன்றே குழாயை அடைத்தோம். பீமுக்கு அடியில் இரும்பு முட்டுகள் நிறுத்தினோம். மாசியில் இரண்டு கல்யாணங்களுக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மற்றவற்றுக்கு மேல்மாடியில் இருநூறு பேருக்குமேல் கூடாது என்று சொல்லி வாடகையைக் குறைத்துக்கொண்டேன். முழு வேலையையும் மண்டபம் காலியாக இருக்கும் ஆடியில் செய்தோம்: பழுதான கான்கிரீட்டை வெட்டியெடுத்து, கம்பியைத் தேய்த்து வெள்ளையாக்கி, துருத்தடுப்புப் பூசி, கம்பி தேய்ந்த இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, பாலிமர் கலந்த கலவையால் மூடினார்கள். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ஆனது.

விளக்கு எல்லை பற்றி நிறுவனத்துக்கு நீளமாக எழுதினேன். இப்போது ஒவ்வொரு விரிசலுக்கும் தனி எல்லையும், வெப்பத்தின் பங்கைக் கழித்துவிட்டு மாத நகர்வைக் காட்டும் கோடும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் செயலி இன்னமும் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. என் மேலாளருக்கும் இரவுக் காவலருக்கும் அது எந்தப் பயனும் இல்லை. ஆபத்து வரும் நேரத்தில் மண்டபத்தில் இருக்கப்போவது அவர்கள்தான். தமிழில் ஒரு வரி எச்சரிக்கை அனுப்புவது பெரிய வேலையில்லை. மூன்று முறை கேட்டும் செய்யவில்லை.

சிறு குறைகளும் உண்டு. மாதாந்திர மின்தடை நாளில் தலைமைப் பெட்டியின் மின்கலம் நாலு மணி நேரத்தில் படுத்துவிடும்; மின்தடையோ காலை ஒன்பது முதல் மாலை வரை. அந்த நேரத்து அளவுகள் தொலைந்துபோயின. கேட்ட பிறகு பெரிய மின்கலம் கொடுத்தார்கள். பாத்திர அறைக்குப் பின்னால் முதலில் வைத்திருந்த தலைமைப் பெட்டிக்கு அண்டாக்களைத் தாண்டிச் சமிக்ஞை வரவில்லை. படிக்கட்டு அறைக்கு மாற்றியதும் சரியானது. ஒருமுறை அலங்காரம் செய்கிறவர்கள் தோரணக் கயிற்றைச் சாய்வுப் பெட்டியில் கட்டிவிட்டார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எச்சரிக்கை வந்து ஓடினேன். இப்போது பெட்டிகளுக்கு மேல் கம்பி வலை அடித்திருக்கிறேன்.

செலவு: பொருத்துக் கூலி 32,000 ரூபாய், மாத வாடகை 5,500. பதினான்கு மாதத்துக்கு மொத்தம் 1,09,000, வரி தனி. ஆறு மாதத் திட்டம் ஒன்றும் வைத்திருக்கிறார்கள், அதை எடுக்காதீர்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் ஒரு குளிரும் பார்க்காமல் எந்த விரிசலையும் தீர்ப்புச் சொல்ல முடியாது. வைகாசியில் தொடங்கி ஐப்பசியில் நிறுத்தியிருந்தால் எங்கள் பீம் 0.05-இல் நின்றிருக்கும், யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். அளவுகளை அட்டவணைக் கோப்பாக உங்கள் கைக்குத் தருவார்களா என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். ஒற்றை மாடி வீட்டுக்கு இவ்வளவு தேவையில்லை. கூட்டம் கூடும் மண்டபம், பள்ளிக்கூடம், விடுதி வைத்திருப்பவர்கள் யோசிக்க வேண்டிய செலவு. கருவிக்கு ஐந்துக்கு நாலரை தருவேன். செயலிக்கு இரண்டு. அந்தப் பொறியாளர் பையனுக்கு ஐந்துக்கு ஐந்து.

ஐந்து பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பீமுக்கும் தளத்தின் நடுவுக்கும் மட்டும் இரண்டை இன்னும் ஓராண்டுக்கு வைத்துக்கொண்டேன். பழுதுபார்த்த பீமில் பெட்டியை மறுபடி திருகிய அன்று, மேஸ்திரி அண்ணன் பையிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டை எடுத்தார். "அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும், அம்மா" என்று பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி ஒட்டி, பென்சிலால் தேதி எழுதினார். ஆவணி முதல் தேதி பேரேட்டில் எழுதிய அளவு 0.00.